டிப் ராடில் வைத்த குங்குமம்

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் பூமாலையைத் தெரியும். பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இருசம்மாள் ஏஜென்சீஸ் என்று காலஞ்சென்ற அம்மாவின் பெயரில் பெட்ரோல் பங்க் நடத்துகிறவள் அவள். டிரைவரின் வாயில் பீடி வாசனை இருந்தால் நாசிலைத் தூக்க விடமாட்டாள். பிளாஸ்டிக் கேனை நீட்டினால் கேனோடு சேர்த்து ஆளையும் திருப்பி அனுப்புவாள். போன் பேசிக்கொண்டே டேங்க் மூடியைத் திறந்த ஒருவனின் போனைப் பிடுங்கி, டீசல் போட்டு முடிக்கும்வரை கல்லாவில் வைத்திருந்தாள் என்று ஒரு கதை உண்டு. கதை இல்லை, நடந்ததுதான்.

எண்ணெய்க் கம்பெனியின் குலுக்கலில் பங்க் அவளுக்கு விழுந்தபோது சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அது சீரணமாகவில்லை. இருசம்மாள் அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கியவள். அவள் மகள் கேட் வைத்த இடத்துக்குச் சொந்தக்காரியா என்று வாய்விட்டுக் கேட்க முடியாதவர்கள், "பொம்பளயால இதெல்லாம் முடியுமா, ஒரு வருசம் ஓட்டட்டும் பாப்போம்" என்று வேறு விதமாகச் சொன்னார்கள். வருஷங்கள் ஓடின. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பே செய்யாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சிரிப்பு போகும். பிறகு, அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற பொறுமை போகும். பூமாலைக்கு இரண்டும் போய் வெகுநாளாகிவிட்டது.

இப்போது வருகிற டீசல் பழைய டீசல் இல்லை. கந்தகத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். ஒரு லட்சம் பங்கு எண்ணெயில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த டீசலைக் குடிக்கிற புது லாரிகளின் எஞ்சின் மகா செல்லம். கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் சிவப்பு விளக்கை எரியவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கந்தகத்தை எடுக்கும்போதே எண்ணெயின் இன்னொரு குணமும் போய்விடுகிறது. குழாயில் ஓடும் ஓட்டத்தில் உண்டாகிற மின்சாரம் பழைய டீசலில் கடந்து போய்விடும். இதில் தேங்கி நிற்கும். வழி கிடைக்காவிட்டால் பொறியாகப் பாயும். அதற்காகத்தான் டேங்கர் லாரி வந்து நின்றதும் எர்த் ஒயர் மாட்டுவது. ஒரு கிளிப் டேங்கரின் உடம்பில், இன்னொரு கிளிப் சுவரோரம் தரையில் புதைத்திருக்கும் செம்புப் பட்டையில்.

பூமாலைக்கு அந்த ஒயர் உயிர். டேங்கர் பக்கத்துக் கிளிப்பைத் தானே இழுத்துப் பார்ப்பாள். "தகரத்த தகரம் தொடணும். நடுவுல அழுக்கு, துரு எதுவும் இருக்கக் கூடாது. இல்லன்னா இது வெறும் துணி காயப் போடுற கயிறு" என்று டிரைவர்களுக்குப் பாடம் எடுப்பாள். கேட்டுக் கேட்டு அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சுவரோரப் பட்டையில் கிளிப்பை மாட்டுவது மணிமொழியின் வேலை.

மணிமொழி அங்கே ஐந்து வருஷமாக டீசல் போடுகிறவள். கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். பாதி நாள் பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வருவாள். கூட்டம் இல்லாதபோது கம்பத்தின் மறைவில் போனில் சீரியல் பார்ப்பாள். திட்டு வாங்குவதற்கென்றே பிறந்தவள் மாதிரி முகம். ஐந்து வருஷத்தில் முதலாளியிடம் அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாக யாருக்கும் நினைவில்லை. "அக்கா, அது வந்து" என்பதற்குள் பூமாலையின் பதில் வந்துவிடும்.

ஆயுத பூசை அந்த பங்க்கில் தடபுடலாக நடக்கும். சுரங்கங்களுக்கெல்லாம் விடுமுறை, லாரி கிடையாது. வருஷம் தவறாமல் முந்தின நாள் கேட்டுக்கும் கம்பங்களுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். மீந்துபோனால் வாளிக்கும் அடிப்பார்கள். பூசை அன்று காலையில் பூமாலை சாவிக்கொத்தை மணிமொழியிடம் கொடுத்து, "பித்தளச் சாமான் ஒண்ணு விடாம புளி போட்டுத் தேயி. சாமிக்கு முன்னால பளிச்சுனு இருக்கணும்" என்றாள்.

மணிமொழி ஒன்று விடவில்லை. குத்துவிளக்கு, மணி, தாம்பாளம். அதோடு டீசல் டேங்க்கின் பித்தளை மூடியையும் பூட்டைத் திறந்து கழற்றி எடுத்து வந்தாள். டேங்கரிலிருந்து குழாய் மாட்டி எண்ணெய் இறக்குகிற வாய்க்கு உண்டான மூடி அது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் குழிக்குள் இருக்கும். குழிக்கு மேலே இரும்புப் பலகை. வாய் திறந்து கிடக்கக்கூடாது என்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருட்டி வாயில் செருகிவிட்டு வந்தாள்.

அதே நேரத்தில் மற்றவர்கள் ஹோஸ் பைப்பைப் பிடித்து வாசல் முழுக்கக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடியது. குழி பள்ளத்தில்தான் இருந்தது. யாரும் தப்பு செய்யவில்லை. அவரவருக்குச் சொன்னதை அவரவர் செய்தார்கள்.

பூசையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். டென்சிட்டி பார்க்கிற கண்ணாடிக் குழாய், ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம், எர்த் ஒயர், டேங்க் ஆழம் பார்க்கிற நீளமான டிப் ராடு, எதுவும் விடுபடவில்லை. பொரி கடலை தின்று, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளாளுக்குப் புதுத்துணியோடு வீட்டுக்குப் போனார்கள். பூமாலையே மூடியைத் திருகிப் பூட்டினாள். வாயில் செருகியிருந்த பை சொதசொதவென்று இருந்தது. குழியில் ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. கழுவினால் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். தண்ணீர் எங்கே போயிற்று என்று நினைக்கவில்லை. பித்தளை மின்னியதில் அவளுக்குத் திருப்தி.

மறுநாள் காலை வழக்கம்போல் டிப் எடுத்தாள். அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை. தண்ணீர் கண்டுபிடிக்கிற பேஸ்ட் ஒன்று உண்டு. பற்பசை மாதிரி டியூபில் வரும், பழுப்பு மஞ்சள் நிறம். ராடின் அடியில் அதைத் தடவி டேங்க்குக்குள் விட்டு எடுத்தால், தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ அவ்வளவு உயரத்துக்குப் பேஸ்ட் சிவந்துபோகும். தண்ணீர் இல்லாவிட்டால் நிறம் அப்படியே இருக்கும். இத்தனை வருஷத்தில் அது சிவந்து அவள் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு, பழகிய கை பார்க்காமலே பேஸ்ட் தடவி விட்ட ராடு மேலே வந்தபோது, தடவியிருந்த நான்கு விரல் உயரமும் சிவப்பு.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் ஒரு இரும்பு ராடில் சிவப்பைப் பார்த்தால் நமக்கெல்லாம் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது. "அடிப்பாவி!" என்று மணிமொழியைக் கூப்பிட்டாள். "டேங்குக்குள்ள போற எடத்துலயா பொட்டு வைப்ப?"

"அக்கா, நான் கீழ எதுவும்..."

"வாய மூடு. சாமி கும்புடுறதுன்னா அறிவக் கழட்டி வச்சிட்டுத்தான் கும்புடணுமா? குங்குமம் டீசல்ல கரஞ்சு நாசில்ல அடச்சிக்கிட்டா ஒங்கப்பனா வந்து எடுப்பான்?"

மணிமொழி வாயை மூடிக்கொண்டாள். பூமாலை ராடை வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்து, துணியை ஆபீஸ் கதவுப்பக்க ஆணியில் மாட்டினாள். இன்னொரு முறை பேஸ்ட் தடவி விட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் கேட்டில் டேங்கர் ஹாரன் அடித்தது.

டேங்கர் ஓட்டி வந்தவன் இளவரசன், பெரம்பலூர்ப் பக்கம் குன்னத்துக்காரன். இந்த பங்க்குக்கு லோடு என்றால் டிப்போவில் மற்ற டிரைவர்கள் நழுவிவிடுவார்கள். இவன் வருவான். "அந்த அக்கா சத்தம்தான் போடும், கை நீட்டாது" என்பது இவன் கொடுத்த சான்றிதழ். அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பூமாலை ஒயரை மாட்டச் சொல்லி, கிளிப்பை இழுத்துப் பார்த்து, வண்டியை ஆற விட்டு, பிறகு டேங்கர் மேல் ஏறி ஒவ்வொரு அறையிலும் பேஸ்ட் தடவிய கோலை விட்டுப் பார்த்தாள். சுத்தம். டென்சிட்டியும் சரி. மூன்றாவது அறையைப் பார்க்கும்போது மட்டும் ஒரு சத்தம் போட்டாள்.

"மூடியத் தொறந்து போட்டுட்டு எங்க பராக்கு பாக்குற? தூறுதுல்ல?"

"கொடைய புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன் அக்கா."

"கொடையச் சாச்சிப் புடி. ஒன் தலைக்கா புடிக்கிற?"

சாம்பிள் எடுத்து சீல் வைத்தார்கள். லோடு இறங்கியது. இறக்கிய பிறகு டேங்க்கில் அளவு மட்டும் பார்ப்பது வழக்கம், பேஸ்ட் தடவுவதில்லை. புது எண்ணெய் வந்து விழுந்த வேகத்தில் டேங்க்கின் அடியில் கிடந்தது என்னவெல்லாம் கலங்கி மேலே வந்தது என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. கொஞ்ச நேரம் தெளியவிட்டு விற்பனையைத் திறந்தாள். முதலில் வந்து நின்றது சாமிக்கண்ணுவின் டிப்பர் லாரி. ரெட்டிபாளையத்து ஆள். சொந்த வண்டி, சொந்த டிரைவர், சொந்தக் கோபம்.

அந்த லாரி ரெட்டிபாளையம் போய்ச் சேரவில்லை. முழு லோடு கல்லோடு வழியில் நின்றது. சாமிக்கண்ணு முதலில் டீசலைச் சந்தேகிக்கவில்லை. முந்தின நாள் வண்டிக்கு உடைத்த பூசணிக்காய் சரியாகச் சிதறாமல் மூன்று துண்டாகப் போனதைத்தான் சந்தேகித்தார். பெரம்பலூரிலிருந்து லாரிக் கம்பெனி மெக்கானிக் வேனில் வந்து, பில்டரைத் திறந்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினான். மேலே டீசல், கீழே தண்ணீர். நடுவில் கோடு போட்டாற்போல் இருந்தது. சாமிக்கண்ணு யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு பாட்டிலோடு பங்க்குக்கு வந்தார்.

"ஏம்மா பூமால, ரூல்ஸு ரூல்ஸுன்னு எங்கள இந்தப் பாடு படுத்துனியே, இது என்ன ரூல்ஸும்மா?"

பூமாலை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் வேலையாக டீசல் பம்ப்புகளை நிறுத்தி, சங்கிலி போட்டாள். பேஸ்ட் தடவி ராடை விட்டாள். சிவந்து வந்தது. இன்னும் இரண்டு லாரிகள் சாலையில் நிற்கின்றன என்று போன் வந்தது. அவள் புத்தி நேராகத்தான் ஓடியது. காலையில் டேங்க் சுத்தம். அப்புறம் டேங்கர் வந்தது. இப்போது தண்ணீர். தூறலில் மூடியைத் திறந்து போட்டவன் யார்? எண்ணெய்க் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசருக்குப் போன் போட்டு, "டேங்கர்ல தண்ணி வந்திருக்கு சார்" என்றாள். மணிமொழி கம்பத்தின் மறைவில் நின்று ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இல்லை.

மதியத்துக்கு மேல் அறிவரசன் திருச்சியிலிருந்து வந்தார். சேல்ஸ் ஆபீசர். மாவட்டம் முழுக்க உள்ள பங்க்குகளைக் கட்டி மேய்க்கிற ஆள், களைத்த முகம். கெட்டவர் இல்லை. எந்த விவகாரமும் இன்றைக்கே முடிந்தால் தேவலை என்று நினைப்பவர். அவர் வருவதற்கு முன்பே இளவரசன் வந்து ஆபீஸ் வாசலில் நின்றான். டேங்கர் இல்லாமல் பஸ்ஸில் வந்திருந்தான். டிப்போ கேட்டில் அவனுடைய நுழைவுக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, விவகாரம் முடியும்வரை உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, நீங்களே மேல ஏறிக் கோல் விட்டுப் பாத்தீங்க. என் வண்டில சொட்டுத் தண்ணி இல்லீங்க்கா" என்றான்.

"தூறல்ல மூடியத் தொறந்து போட்டது யாரு?"

"கொடை புடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்ககூடத் திட்டுனீங்க."

"திட்டுனேன்ல? அப்ப தப்பு இருக்கப் போயித்தான திட்டுனேன்?"

இது என்ன நியாயம் என்று கேட்கிற துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. அறிவரசன் கையை உயர்த்தினார்.

"சண்ட வேணாம். எனக்கு ஒரே கேள்விதான். டேங்கர் வர்றதுக்கு முன்னாடி காலைல டிப் எடுத்தீங்கள்ல மேடம்? பேஸ்ட்ல என்ன காட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல சார். சுத்தம்."

பொய் சொல்லவில்லை. அவள் மனசறியச் சொன்னது அது.

"அப்ப முடிஞ்சுது. காலைல இல்லாத தண்ணி டேங்கர் வந்தப்புறம் இருக்குன்னா டேங்கர்தான் கொண்டாந்திருக்கு. சீல் வச்ச சாம்பிள் லேபுக்குப் போயி வர நாளாவும், நான் அப்படியே எழுதிடுறேன். வண்டியும் டிரைவரும் பிளாக் லிஸ்ட். எந்த டிப்போலயும் ஏத்த மாட்டாங்க." பேனாவைத் திறந்தவர், ஒரு நல்ல செய்தியும் சொல்லிவைப்போம் என்பதுபோல் அவளைப் பார்த்தார். "காலைலயே தண்ணி இருந்திருந்தா ஒங்களுக்குத்தான் ஆபத்து மேடம். பேஸ்ட் செவந்ததப் பாத்துட்டும் வித்தாங்கன்னு ஆயிடும். லைசென்ஸே போயிருக்கும். நல்ல வேளை."

இளவரசன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பூமாலைக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் சுவரில் சாய்ந்து, "வேற வேல தெரியாது சார் எனக்கு" என்று மட்டும் சொன்னான். அதுவும் யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அறிவரசன் மணிமொழியைப் பார்த்து, "காலைல டிப் எடுக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருந்தேன் சார்."

"என்ன பாத்தீங்க?"

மணிமொழி முதலாளியைப் பார்த்தாள். "அக்கா என்ன சொல்றாங்களோ அதான் சார்."

"சரி. எனக்கு முன்னாடி ஒரு தடவ டிப் எடுத்துக் காட்டிடுங்க மேடம். போட்டோ வேணும்."

டிப் ராடு ஆபீஸ் சுவரில் இரண்டு கொக்கிகளில் படுத்திருந்தது. பூமாலை அதை எடுக்கக் கை நீட்டினாள். முந்தின நாள் வைத்த பொட்டுகள் அப்படியே இருந்தன. ராடின் மேல் பாதியில் மூன்று இடத்தில், விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றும் ஒரே சீராக, ஒரே கை வைத்தது.

அவள் கை பாதியில் நின்றது. கதவுப்பக்க ஆணியைப் பார்த்தாள். காலையில் துடைத்த வேஸ்ட் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து விரித்தாள். ஒரே சிவப்பு. சந்தனத்தின் மஞ்சள் ஒரு தீற்றல்கூட இல்லை.

சாமிக்கு வைத்தாலும் சாமானுக்கு வைத்தாலும் சந்தனம் முதலில், அதன்மேல்தான் குங்குமம். மணிமொழிக்கு எத்தனை அறிவு குறைவென்று வைத்துக்கொண்டாலும் இது குறையாது. வெறும் இரும்பில் குங்குமம் நிற்காது என்பது அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியானால் காலையில் பார்த்தது குங்குமம் இல்லை. பித்தளை மூடி தாம்பாளத்தில் மின்னிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சொதசொதவென்று இருந்த பை நினைவுக்கு வந்தது. தண்ணீர் இல்லாமல் ஈரமாக மட்டும் இருந்த குழியும்.

இவ்வளவு பயம் பூமாலை வாழ்க்கையில் பட்டதில்லை. ஒரு வருசம் ஓட்டட்டும் பாப்போம் என்றவர்கள் எல்லோரும் கேட் ஓரத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. துணி அவள் கையில்தான் இருக்கிறது. சுருட்டிக் குப்பையில் போட்டால் விஷயம் முடிந்தது. தெரிந்தவள் இன்னொருத்திதான், அவள் சொல்லமாட்டாள். சொல்லமாட்டாளா?

மணிமொழி பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தாள்.

"நெசத்தச் சொல்லு. ராடுக்கு அடியில குங்குமம் வச்சியா?" பூமாலையின் குரல் வெளியே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

மணிமொழி துணியைப் பார்த்தாள், முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். "வச்சேன் அக்கா. நான்தான் மறந்தாப்ல கீழயும் வச்சிட்டேன்" என்றாள்.

ஐந்து வருஷத்தில் முதலாளியிடம் அவள் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. அதுவும் பொய்.

"சந்தனம் வைக்காமயா?"

மணிமொழியின் பார்வை ராடின் மேல் பாதியில் இருந்த பொட்டுகளுக்குப் போனது. இந்தப் பெண் தனக்காகப் பொய் சொல்கிறாள் என்பதைவிட, இது உண்மையாக இருந்தால் அக்கா தன்னைப் பிழிந்து எடுத்துவிடுவாள் என்று தெரிந்தும் சொல்கிறாள் என்பதுதான் பூமாலையைச் சுட்டது. வெட்கமாக இருந்தது. ராடையும் துணியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எல்லோர் முன்னாலும் பேஸ்ட் தடவி ராடை இறக்கி எடுத்தாள். நான்கு விரல் சிவப்பு. அறிவரசன் போட்டோ எடுத்தார்.

"காலைலயும் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள் பூமாலை. "இதே ஒசரம். டேங்கர் வர்றதுக்கு முன்னாடி."

அறிவரசன் போனை இறக்கினார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா மேடம்?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். பூசைக்கு வச்ச குங்குமம்னு நெனச்சித் தொடச்சிட்டேன். இந்தாங்க, தொடச்ச துணி. டேங்க் மூடியக் கழட்டிப் பூசையில வச்சிட்டு, வாசலக் கழுவியிருக்கோம். பித்தளயெல்லாம் எடுன்னு சாவியக் குடுத்தது நான். இந்தப் பையன் வண்டில தண்ணி இல்ல. அவன் கார்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

பாட்டிலோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணுதான் வாயைத் திறந்தார். "அப்ப பூசணிக்கா மேல தப்பில்ல?" என்று கேட்டார். அவருக்கு அது மனசை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒங்க வண்டிய நான் பாத்துத் தரேன் அண்ணே" என்றாள் பூமாலை. அவர் ஏதோ திட்ட நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டிலை மட்டும் கீழே வைத்தார்.

அறிவரசன் எழுதியதைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார். டீசல் நாசில்களுக்கு ஈயச் சீல் வைத்தார். அவசரத்தில் ஒரு நாசிலுக்குக் கம்பியைச் சரியாக முறுக்காமல் விட்டார். "அது கழண்டுக்கும் சார், இன்னொரு சுத்து சுத்துங்க" என்று பூமாலை காட்டினாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுற்றினார். "சஸ்பென்ஷன் உறுதி மேடம். எத்தன நாளுன்னு என் கையில இல்ல. லைசென்ஸ் போகாதுன்னும் நான் சொல்ல முடியாது. நீங்களா சொன்னீங்கன்னு எழுதியிருக்கேன். அது ஒதவுமான்னு பாப்போம்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

இளவரசன் நன்றி எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் திரும்பி, "போயிட்டு வரேன் அக்கா" என்றான். வரேன் என்று அவன் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பெட்ரோலுக்கு வந்த பைக்குகள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. டீசல் பக்கம் சங்கிலி தொங்கியது. பூமாலை ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மணிமொழி கொஞ்சம் தள்ளி நின்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

"நீ வைக்கலன்னு ஒனக்குக் காலையிலயே தெரியும்ல?" என்றாள் பூமாலை.

"தெரியும் அக்கா."

"அப்பறம் ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?"

"சொல்ல வந்தேன். நீங்க வாய மூடுன்னு சொன்னீங்க."

'வாய மூடு' என்ற சொல் பூமாலையின் நாக்கு நுனிவரை இப்போதும் வந்தது. வந்ததை அவளே கண்டுகொண்டு விழுங்கினாள். விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"சரி. இனிமே குறுக்க பேச மாட்டேன். வேற எதுனா இருந்தாலும் சொல்லு. எல்லாத்தையும் இப்பவே சொல்லிடு."

மணிமொழி தயங்கினாள். முந்தானை நுனியைத் திருகினாள். பூமாலை காத்திருந்தாள்.

"போன வருச பூசைக்குப் பெயின்ட் அடிச்சோம்ல அக்கா. மீந்துபோன பெயின்ட்ட சொவத்தோரம் இருக்குற எர்த் பட்டைக்கும் அடிச்சிட்டேன். பாக்க நல்லா இருக்கும்னு. அன்னைலேருந்து ஒவ்வொரு டேங்கருக்கும் கிளிப்ப அந்தப் பெயின்ட் மேலதான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."